மொட்டை மாடிக்கு ஒரு வெள்ளைக் குடை

சித்திரை பிறப்பதற்கு முன்பே நமது குடும்பங்களில் ஒரு விவாதம் பிறந்துவிடுகிறது. "இந்த வருஷமாவது ஏ.ஸி. யந்திரம் ஒன்று வாங்கியே தீர வேண்டும்" என்பது ஒரு கட்சி. "மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவதாம்?" என்பது எதிர்க் கட்சி. இரு கட்சியாரும் பேசி ஓய்வதற்குள் வைகாசியும் வந்துவிடும். ஆனிக் காற்று வீசத் தொடங்கியதும் வழக்கு அடுத்த சித்திரைக்கு ஒத்திவைக்கப்படும். இவ்வளவுக்கும் மூல காரணமான பிரதிவாதியோ, நமது தலைக்கு மேலே பத்தடி உயரத்தில், யாராலும் விசாரிக்கப்படாமல் சௌகரியமாகப் படுத்திருக்கிறார். அவர்தாம் மொட்டை மாடித் தளம்.

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எனக்கு எழுதியிருக்கும் கடிதத்தைப் படித்த பிறகு, இந்தப் பிரதிவாதியை இனியும் தப்பவிடக் கூடாது என்று தீர்மானித்தேன். அவர் எழுதுவதன் சாரம் இது: சொந்த வீடு, கட்டிய கடன் இன்னும் தீரவில்லை. மாமியாருக்கு வயது 78. முழங்கால் வலியினால் படி இறங்க முடியாதவர்; மாடியறைதான் அவருக்கு உலகம். சென்ற கோடையில் இரவு இரண்டு மணி வரையில் அவருக்கு உறக்கமே இல்லை. ஒரு நாள் விடியற்காலையில் எழுந்தவர் தலை சுற்றி விழுந்துவிட்டார். நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. இந்த வருஷம் தவணையில் ஏ.ஸி. வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். ஆனால் முதல் தவணைக்கு இருக்கும் பணம், மூத்த பெண்ணின் கல்லூரிச் சம்பளத்துக்காக ஒதுக்கி வைத்தது. "வேறு வழி உண்டா? உண்டு என்றால் அதை நாங்களே செய்துகொள்ள முடியுமா?" என்று கேட்கிறார்.

வழி உண்டு, பெரும் பகுதியை நீங்களே செய்துகொள்ளவும் முடியும். ஒரு வரியில் சொன்னால்: யந்திரத்தைப் பற்றிப் பிறகு யோசியுங்கள், முதலில் கூரையைக் கவனியுங்கள். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விதியை மட்டும் சொல்வது வாத்தியார் வேலைக்கு அழகல்ல. ஆகவே காரணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வெயில் எந்த வழியாக வருகிறது?

கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும், நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறான். பிறகு சற்றே வடக்கு நோக்கிச் சாய்ந்து, ஆவணி மாதத்தில் மறுபடி உச்சிக்குத் திரும்புகிறான். இதனால் கோடையில் வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் அவ்வளவாகக் காய்வதில்லை. கிழக்குச் சுவர் காலையில் காய்கிறது. மேற்குச் சுவர் பிற்பகலில் காய்கிறது. காலை முதல் மாலை வரையில் ஓய்வில்லாமல் காய்வது கூரை ஒன்றுதான்.

அது எவ்வளவு காய்கிறது என்பதையும் கணக்குப் பார்க்கலாம். வானம் தெளிவாக இருக்கும்போது, உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1000 வாட் சக்தியைக் கொட்டுகிறது. 10 அடிக்கு 12 அடி உள்ள ஓர் அறையின் கூரை ஏறக்குறைய 11 சதுர மீட்டர். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி சுமார் 1000 வாட். ஆக, பதினொரு இஸ்திரிப் பெட்டிகளைப் பழுக்கக் காய்ச்சிக் கூரையின்மேல் வரிசையாக வைத்தது போலாகிறது! இந்தச் சக்தியில் ஒரு பங்கு ஒளியாகவே ஆகாயத்துக்குத் திரும்பிவிடும். இன்னொரு பங்கைக் காற்று கொண்டுபோகும். மிச்சம் உள்ளதுதான் தளத்துக்குள் இறங்குகிறது.

கான்கிரீட்டுக்கு ஒரு சுபாவம் உண்டு. அது சட்டென்று சூடேறாது. ஏறிய சூட்டைச் சட்டென்று விடவும் செய்யாது. நண்பகலில் வாங்கிய கடனை, விளக்கு வைத்த பிறகு வட்டியுடன் அறைக்குள் இறக்குகிறது. வெளியே தென்றல் வீசிக்கொண்டிருக்கும் இரவு பத்து மணிக்கு, உள்ளே விட்டம் அடுப்பாகக் கனல்வதற்குக் காரணம் இதுவே.

இது வெறும் அசௌகரியம் என்று நினைத்துவிடக் கூடாது. பகல் உஷ்ணத்தில் களைத்த உடம்பு, இரவின் குளிர்ச்சியில்தான் தேறுகிறது. வயது முதிர்ந்தவர்களுக்கு வியர்வை குறைவாகச் சுரக்கும். தாகமும் சரியாகத் தெரியாது. இரவிலும் அறை ஆறவில்லையென்றால், அவர்களுடைய இருதயத்துக்கு இருபத்து நான்கு மணி நேரமும் வேலைதான். திருச்சி அம்மையார் விடியற்காலையில் தலை சுற்றி விழுந்ததற்கு மருத்துவர் வேறு காரணமும் சொல்லக் கூடும். ஆனால் கூரையையும் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது.

பழைய தளமும் புதிய தளமும்

நமது பாட்டனார் காலத்து வீடுகளில் "மெட்ராஸ் டெரஸ்" என்ற தளம் இருந்தது. மர உத்தரங்களின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக நெருக்கி வைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து போட்டு நாள் கணக்கில் இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அதற்கும் மேலே தட்டோடு பதிப்பார்கள். தளம் கனமாகவும், உள்ளே நுண்ணிய காற்றறைகள் நிறைந்ததாகவும் இருக்கும். அறையின் உயரமும் அதிகம். உஷ்ணம் கீழே வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்து, முற்றத்துக் காற்றும் வந்துவிடும்.

இப்போதைய கான்கிரீட் தளம் நாலைந்து அங்குல கனந்தான், வலிமையில் சிறந்தது, ஆனால் உஷ்ணத்தைத் தாராளமாகக் கடத்தக் கூடியது. அதற்குமேல் போட வேண்டிய செங்கல் ஜல்லியையும் தட்டோட்டையும் சிக்கனம் என்று சொல்லிப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். அங்கே மிச்சமான பணத்தைப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் மின்சாரக் கட்டணமாகச் செலுத்துகிறோம்.

இனிமேல் வீடு கட்டப் போகிறவர்கள், திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் காலமான லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞரின் முறையை ஒரு முறை விசாரிப்பது நல்லது. கான்கிரீட் தளத்தில் கீழ்ப்பாகம் அதிகம் வேலை செய்வதில்லை என்பதை அறிந்து, அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளை வைத்து அவர் தளம் போட்டார். ஸிமெண்டும் மிச்சம், ஓடுகளுக்கு இடையில் அகப்பட்ட காற்று உஷ்ணத்தையும் தடுக்கிறது. ஆனால் கட்டி முடித்த வீட்டுக்காரர்கள் என்ன செய்வது? அவர்களுக்குத்தான் சுண்ணாம்பு இருக்கிறது.

ஒரு சிறிய பரீட்சை

சாதாரண ஸிமெண்டுத் தளம், தன்மேல் விழும் வெயிலில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். பாசி படர்ந்து கறுத்துப்போன தளம் அதையும் அனுப்பாது. புதிதாக வெள்ளையடித்த தளமோ சுமார் முக்கால் பங்கை வந்த வழியே அனுப்பிவிடுகிறது. உள்ளே நுழையாத உஷ்ணத்தை வெளியேற்ற யந்திரம் தேவையில்லை அல்லவா?

"சுண்ணாம்பிலாவது, குளிர்ச்சியாவது!" என்று வீட்டில் யாராவது சிரித்தால், அவர்களுடன் தர்க்கம் செய்ய வேண்டாம். மாடியில் இரண்டு முழச் சதுரத்துக்கு மட்டும் வெள்ளையடித்துக் காயவிடுங்கள். மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குச் சிரித்தவரையே அழைத்துச் சென்று, ஒரு விரலை வெள்ளைக் கட்டத்தின்மேலும், மறு விரலைப் பக்கத்துக் கருந்தளத்தின்மேலும் வைக்கச் சொல்லுங்கள். கருந்தளத்தில் வைத்த விரலை அவர் உடனே எடுத்துவிடுவார். நமது பக்ஷத்துக்கு அதற்கு மேல் சாட்சியம் வேண்டியதில்லை.

இது ஏதோ பழமைப் பித்து என்றும் யாரும் எண்ண வேண்டாம். 2010-ல் அகமதாபாத் நகரத்தை வெப்ப அலை தாக்கிப் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பயனாக 2013-ல் அந்த நகரம் வெப்பத்தைச் சமாளிக்க ஒரு திட்டம் வகுத்தது. பிற்பாடு ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளையடிப்பதையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். தெலங்கானா அரசாங்கம் 2023-ல் "குளிர்ந்த கூரை" என்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. நமது வீட்டுப் பெரியவர்கள் பொங்கலுக்குப் பொங்கல் சுவரில் பூசியதை, இன்று அரசாங்கங்கள் கூரைமேல் பூசச் சொல்கின்றன.

பூசுவதற்கு முன் பழுது பார்த்தல்

வெள்ளையடிப்பதற்கு முன்னால் தளத்தைச் சோதிக்க வேண்டும். ஓட்டையின்மேல் பூசிய சுண்ணாம்பு, அழுக்குச் சட்டையின்மேல் போட்ட அங்கவஸ்திரம்.

முதலில், மழைநீர்க் குழாயின் வாயைப் பாருங்கள். வேப்பஞ் சருகும் காக்கை போட்ட எலும்பும் அங்கே அடைத்துக்கொண்டிருக்கும். அவற்றை எடுத்துவிட்டுத் தளம் முழுவதையும் கட்டைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுங்கள். பாசி இருந்தால் இரும்புத் தூரிகையால் சுரண்டி எடுங்கள்.

அடுத்தபடியாக, குழாயின் வாயைத் துணியால் அடைத்து, தளத்தில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விட்டுவையுங்கள். கீழே அறையின் விட்டத்தில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். ஈரம் தெரிந்தால், அதற்கு நேர் மேலேயும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலைகளிலும் வெடிப்பைத் தேடுங்கள். அநேகமாகக் குற்றவாளி அந்த மூலைகளில்தான் ஒளிந்திருப்பான்.

சிறிய வெடிப்பாக இருந்தால் நீங்களே அடைக்கலாம். உளியால் வெடிப்பைச் சற்று அகலப்படுத்தி, தூசி இல்லாமல் துடைத்து, தண்ணீர் தெளித்து, நீர்க்கசிவைத் தடுக்கும் மருந்து கலந்த ஸிமெண்டுச் சாந்தை அழுத்தி நிரப்ப வேண்டும். பிறகு ஒரு வாரம் வரையில் ஈரச் சாக்கைப் போட்டு வையுங்கள். ஸிமெண்டு காய்ந்து வலுப்பெறுவதில்லை, ஈரத்திலேதான் வலுப்பெறுகிறது. இதை மறந்தால் செய்த வேலை அடுத்த கோடையில் மறுபடி வெடிக்கும்.

ஆனால் விட்டத்தில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தால், அது நாம் தொடக் கூடிய வேலையன்று. துரு ஏறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டே போகும். மேலே பூசி மறைப்பது நோயை மறைப்பதாகும். தாமதியாமல் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

வெள்ளையடிக்கும் விதம்

பங்குனி மாதமே இதற்கு ஏற்ற காலம். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் சிறப்பு. நீற்றாத சுண்ணாம்பை வாங்கினால் ஜாக்கிரதை வேண்டும்: தண்ணீர் பட்டதும் அது கொதித்துத் தெறிக்கும். ஆகவே பிளாஸ்டிக் பாத்திரத்தில் நீற்றாதீர்கள். இரும்புப் பீப்பாயில் நிறையத் தண்ணீரை ஊற்றி, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அவசியம். கண்ணில் ஒரு துளி பட்டாலும் நிறையத் தண்ணீரால் வெகு நேரம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்கள், நீற்றிய சுண்ணாம்புத் தூளையே கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

ஓர் இரவு ஊறிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, மோர்ப் பதத்துக்குக் கரைத்து, தச்சர்கள் உபயோகிக்கும் வெள்ளைப் பசையைக் கொஞ்சம் சேர்த்தால், கையில் ஒட்டாமலும் முதல் தூறலில் கரையாமலும் இருக்கும். முன்பெல்லாம் அரிசிக் கஞ்சியைச் சேர்ப்பார்கள். வெயில் தாழ்ந்த பிறகு, தளத்தை இலேசாக நனைத்துக்கொண்டு, தென்னை மட்டைத் தூரிகையாலோ அகலத் தூரிகையாலோ மெல்லியதாகப் பூசுங்கள். ஒரேயடியாகக் கெட்டியாகப் பூசினால் பொருக்கு விட்டு உதிரும். மெல்லியதாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு மற்றொன்று என்பதே முறை. மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால், இந்த வேலையைச் சிறுவர்களிடம் விடாதீர்கள்.

ஐப்பசி கார்த்திகை மழை இந்தச் சுண்ணாம்பில் பாதியைக் கொண்டுபோய்விடும். அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. வருஷந்தோறும் பங்குனியில் ஒரு நாள் வேலை, அவ்வளவுதான். அடிக்கடி செய்ய முடியாதவர்கள், வெயிலைத் திருப்புவதற்கென்றே விற்கும் வெள்ளைச் சாயத்தை வாங்கிப் பூசலாம்; அல்லது வெள்ளை ஓடு பதிக்கலாம். செலவு அதிகம், உழைப்பும் அதிக காலம். எதுவானாலும் தூசி படிந்தால் வெள்ளை மங்கும். மங்கினால் பயன் குறையும். மாதம் ஒரு முறை கழுவிவிட வேண்டும்.

பலனை அளந்து பார்க்க விரும்புவோர், ஒரு வெப்பமானியை மாடியறையிலும் இன்னொன்றைக் கீழ் அறையிலும் தொங்கவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு இரண்டையும் குறித்துக்கொள்ளட்டும். வெள்ளையடிப்பதற்கு முன் நாலு நாள். பின் நாலு நாள். இரண்டு அறைகளுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே உங்கள் சுண்ணாம்பின் மதிப்பெண். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் இந்தக் கணக்கை அவனிடம் ஒப்புவித்துவிடலாம்.

ஜன்னலும் விசிறியும்

கூரைக்கு அடுத்தது மேற்கு ஜன்னல். வெயிலை உள்ளே விட்டுவிட்டுப் பிறகு திரையால் மறைப்பதில் பிரயோஜனம் குறைவு. கண்ணாடி வெயிலை உள்ளே விடும். திரை சூடேறி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும். மறைப்பு எப்போதும் ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். தென்னங்கீற்றுத் தட்டியோ மூங்கில் தட்டியோ ஒரு பந்தலில் ஏற்றிவிட்ட கொடியோ போதும். திருச்சி, மதுரை, வேலூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் காற்று வறண்டிருக்கும். அங்கே வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டால் குளிர்ச்சியும் மணமும் சேர்ந்து வரும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இதைச் செய்தால் புழுக்கந்தான் அதிகமாகும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று, மேலும் ஈரத்தை வாங்கிக்கொள்ளாது.

பகல் பதினொரு மணிக்கு மேல் வெளிக்காற்று உள்ளிருப்பதைவிடச் சூடாகிவிடும். அப்போது ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள். பொழுது சாய்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். கொசுவுக்குப் பயந்து இரவில் ஜன்னலை மூடுகிறவர்கள், கொசு வலையடித்த சட்டம் ஒன்றைத் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்வது நல்ல முதலீடு.

மின்சார விசிறி காற்றைக் குளிரச் செய்வதில்லை. நம் உடம்பின் வியர்வையை ஆவியாக்கித்தான் சுகம் தருகிறது. ஆள் இல்லாத அறையில் சுழலும் விசிறி, யாருக்கும் சுகம் தராமல் யூனிட்டை மட்டும் ஏற்றிக்கொண்டிருக்கிறது. பழைய விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.ஸி. மோட்டார் விசிறி சுமார் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால், முன்னது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல் தின்னும். பின்னது அரை யூனிட்டுக்கும் குறைவு. ஒரு விசிறிக்கு மாதம் 20 யூனிட் மிச்சம். 2023 ஜனவரி முதல் மேல்விட்ட விசிறிகளில் நட்சத்திரக் குறி இருந்தாக வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். வாங்கும்போது அதைப் பாருங்கள்.

விசிறி மெதுவாகச் சுற்றினால் உடனே புதியது வாங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் கண்டென்ஸர் என்ற சிறிய உறுப்பு சோர்ந்திருக்கும். சொற்பச் செலவில் மின் பணியாளர் மாற்றித் தருவார். இறக்கைகளின்மேல் உள்ள தூசியைத் துடைப்பது நமது வேலை. அறையில் இன்னமும் குண்டு பல்பு எரிந்தால் அதையும் மாற்றுங்கள். அது வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் வெளிச்சமாகிறது. மிச்சம் முழுவதும் உஷ்ணம். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு கொடுத்துவிடும்.

அப்படியும் ஏ.ஸி. வேண்டியிருந்தால்?

வேண்டியிருக்கலாம். காற்றின் உஷ்ணம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி மட்டும் உதவாது. அந்த வெப்பக் காற்றை உடம்பின்மேல் வீசுவது உபகாரத்துக்குப் பதில் அபகாரமாகக் கூட முடியும். திருத்தணியிலும் வேலூரிலும் திருச்சியிலும் அத்தகைய நாட்கள் வருகின்றன. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்த நாட்களில் குளிர்ந்த அறை ஆடம்பரமன்று, மருந்து. ஆனால் எந்த மருந்துக்கும் பத்தியம் உண்டு.

ஏ.ஸி.யின் அளவை "டன்" என்று சொல்கிறார்களே, அது என்ன டன் என்று கேட்டால் கடைக்காரரே விழிக்கிறார். ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகினால் எவ்வளவு உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளுமோ, அவ்வளவு உஷ்ணத்தை வெளியேற்றும் வேகம் அது. அந்தப் பனிக்கட்டிக்கும் நமது சென்னைக்கும் பழைய உறவு உண்டு. கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று வழங்கும் கட்டடம், 1842-ல் ஐஸ் வைக்கக் கட்டிய கிடங்கு. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி, மாதக் கணக்கில் பாய்மரக் கப்பலில் பயணம் செய்து, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து இங்கே வந்து சேர்ந்தது. அது வழியிலேயே உருகித் தீராமல் காத்தது எந்த யந்திரமும் அன்று. சுற்றி அடைத்திருந்த மரத்தூள்தான். உஷ்ணத்தை உள்ளே விடாத உறை இருந்தால் குளிர்ச்சி தானே நிற்கும்.

ஆகவே ஏ.ஸி. வாங்குகிறவர்கள், கூரைக்கு வெள்ளையடித்த பிறகு அளவைத் தீர்மானியுங்கள். கொதிக்கும் கூரையின் கீழே ஒன்றரை டன் கேட்கும் அறைக்கு, ஆறிய கூரையின் கீழே ஒரு டன் போதுமானதாகிவிடலாம். கதவின் அடிச் சந்துக்குத் துணித் திண்டு வையுங்கள். ஜன்னல் சந்துகளுக்கு ரப்பர்ப் பட்டை ஒட்டுங்கள். 2020 முதல் நட்சத்திரக் குறியுள்ள அறை ஏ.ஸி.கள் 24 டிகிரியிலேயே தொடங்கும்படி அமைக்கப்படுகின்றன. அதற்குக் கீழே இறக்காதீர்கள். 26-ல் வைத்து விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் சுகத்துக்குக் குறைவில்லை. ஒவ்வொரு டிகிரி ஏற்றுவதிலும் சுமார் நூற்றுக்கு 6 பங்கு மின்சாரம் மிஞ்சுவதாகக் கணக்கு. வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவுங்கள்.

ஒன்றரை டன் யந்திரம் முழு மூச்சில் ஓடும்போது சுமார் 1500 வாட் இழுக்கும். நடுவே ஓய்வெடுக்கும் நேரம் போக, ஓர் இரவுக்கு ஏழு யூனிட் என்று வைத்துக்கொண்டால், அந்த மின்சாரத்தில் புதிய விசிறி ஒரு மாதத்து இரவுகள் முழுவதும் சுழலும். யூனிட் ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறுகிறது என்பதைக் குடும்பத் தலைவிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாடகை வீட்டில் இருக்கும் அன்பர்கள், "ஊரான் கூரைக்கு நாம் ஏன் சுண்ணாம்பு அடிப்பது?" என்று கேட்பார்கள். கூரை ஊரானுடையதுதான், அதன் கீழே கொதிப்பது நமது குழந்தைகள் அல்லவா? வீட்டுக்காரரிடம் அனுமதி மட்டும் கேளுங்கள். சுண்ணாம்புச் செலவைக் கேட்காமலிருந்தால் அநேகமாக மறுக்க மாட்டார். அடுக்கு மாடிக் கட்டடமானால் மேல் மாடிக்காரர் ஒருவரே இதைச் சுமப்பது நியாயமன்று. சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

திருச்சி சகோதரிக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை தளத்தைக் கழுவிச் சோதியுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளையடியுங்கள். மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டுங்கள். மாமியார் அறையின் விசிறியை மாற்றுங்கள். அவருடைய கட்டிலைச் சித்திரை, வைகாசி இரண்டு மாதத்துக்காவது, நாலு பேர் பிடித்துக் கீழ் அறைக்கு இறக்க முடியுமா என்றும் யோசியுங்கள். தாகம் என்று அவர் சொல்லாவிட்டாலும் மணிக்கு ஒரு தரம் தண்ணீரோ நீர்மோரோ கொடுங்கள். நீர் அளவில் மருத்துவர் கட்டுப்பாடு விதித்திருந்தால் மட்டும் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இவை அனைத்துக்கும் ஆகும் செலவு, தவணையின் ஒரு பகுதிக்குள் அடங்கும். கல்லூரிச் சம்பளத்தில் கை வைக்க வேண்டியிராது. பதினைந்து நாள் வெப்பமானியைப் பாருங்கள். அப்போதும் இரவில் அந்த அறை ஆறவில்லை, மருத்துவரும் குளிர்ந்த அறை வேண்டும் என்கிறார் என்றால், தயங்காமல் சிறிய ஏ.ஸி. ஒன்று வாங்குங்கள். ஆறிய கூரையின் கீழே அதற்கும் வேலை குறைவாக இருக்கும்.

அடுத்த வாரம்: சொட்டுகிற குழாயை நிறுத்துவது எப்படி, அதன் கீழே ஒரு டம்ளரை வைத்து நஷ்டத்தை அளப்பது எப்படி என்பது பற்றி.